வேலையில் இருந்தபடியே பிஎச்.டி.: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர், வங்கி அதிகாரி, ஐ.டி. பொறியாளர், மருத்துவமனை நிர்வாகி என்று கேட்பவர்தான் மாறுகிறார், கேள்விகள் மாறுவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் கேட்டவற்றை அவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். விதிகள் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகளின்படி. அவை குறைந்தபட்ச விதிகள்தான். உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு மேலும் நிபந்தனை வைத்திருக்கலாம், ஆகவே அதன் ஆராய்ச்சிக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தொலைதூரக் கல்வியில பிஎச்.டி. பண்ணலாமா?

முடியாது. தொலைதூர முறையிலோ ஆன்லைன் முறையிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது என்று 2022 ஒழுங்குமுறை நேரடியாகவே சொல்கிறது. இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம்கூட பிஎச்.டி.யை முழுநேர, பகுதிநேரப் படிப்பாகத்தான் நடத்துகிறது. "வீட்டிலிருந்தே பிஎச்.டி., 18 மாதத்தில் பட்டம்" என்று விளம்பரம் வந்தால் அடுத்த வரியைப் படிக்கவே வேண்டாம்.

உங்களுக்கு வழி இருக்கிறது. அதன் பெயர் "பகுதிநேரம்". தேடும்போதும், பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுக் கேட்கும்போதும் இந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். "டிஸ்டன்ஸ்" என்று கேட்டால் பதில் சொல்ல ஓடிவருபவர்கள் பெரும்பாலும் ஏஜெண்டுகள்.

அப்போ பகுதிநேரம்னா என்ன, பாதி படிப்பா?

பாதி இல்லை. நுழைவுத் தேர்வு, கோர்ஸ் வொர்க் (ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாட வகுப்புகள்), ஆய்வேடு, வெளித் தேர்வாளர்கள், வைவா (வாய்மொழித் தேர்வு) எல்லாம் முழுநேர மாணவருக்கு உள்ளவைதான். தினமும் துறைக்கு வந்து உட்கார வேண்டியதில்லை, சம்பள வேலையைத் தொடரலாம் என்பதே வித்தியாசம்.

நெகிழ்வு என்பது உங்கள் நேரத்தில்தான், தரத்தில் இல்லை. இதைச் சேர்வதற்கு முன்பே மனதில் ஏற்றிக்கொண்டவர்கள் முடிக்கிறார்கள். பின்னால் வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றியே இருக்கும்.

ஒரு நாள்கூட நேரில போகாம முடிச்சிடலாமா?

அதுவும் முடியாது. சேர்க்கை நேர்காணல், கோர்ஸ் வொர்க் வகுப்புகளும் தேர்வும், ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றம் சொல்வது, சமர்ப்பிப்புக்கு முந்தைய பொது விளக்கம், கடைசியில் வைவா. நான்கு ஆண்டு என்று வைத்தால் குழுவின் முன் மட்டும் எட்டு முறை நிற்க வேண்டியிருக்கும். சில துறைகள் அந்தக் கூட்டத்தை ஆன்லைனில் வைக்கின்றன, ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். கைடை, அதாவது ஆய்வு நெறியாளரைப் பார்க்கப் போகும் நாட்கள் இதில் சேராது. பேருந்திலோ ரயிலிலோ ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் பல்கலைக்கழகம் இருப்பது பெரிய பலம்.

நான் எம்.ஏ.வே கரஸ்ல படிச்சவன். எனக்குத் தகுதி இருக்கா?

யுஜிசி அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் படிப்பாக இருந்தால் இருக்கிறது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை முடித்தவர் 75 சதவீதம் வைத்திருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

இடறுவது மதிப்பெண்ணில் குறைவு, காகிதத்தில்தான் அதிகம். நீங்கள் படித்த ஆண்டில் அந்தப் பாடத்துக்குத் தொலைதூர அனுமதி இருந்ததா என்று சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 15, 20 ஆண்டுக்கு முந்தைய மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் நகல் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு அதைத் தேட ஆரம்பித்தால் அந்தப் பருவம் போய்விடும்.

நெட் எழுதாம சேர முடியுமா?

நெட் என்பது தேசியத் தகுதித் தேர்வு. அது இல்லாமல் சேர்வது பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. சொந்த நுழைவுத் தேர்வு நடத்தும் இடங்களில் முடியும். அந்தத் தாளில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி உங்கள் பாடம். தேர்ச்சிக்கு 50 சதவீதம். இறுதிப் பட்டியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை.

2024 ஜூன் நெட் முதல் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகைக்கான தகுதி), உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. கடைசி இரண்டு வகைக்காரர்கள் அந்த மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டு வரைதான் பயன்படுத்தலாம். ஆகவே கைடு யார் என்று ஒரு தெளிவு வந்த பிறகு நெட் எழுதுவதுதான் கணக்குக்குச் சரி.

வேலையில் இருப்பவர்களுக்குப் பாடப் பகுதியை விட முறையியல் பகுதிதான் சறுக்கும். கருதுகோள், மாதிரி எடுத்தல், அளவுகோல் வகைகள், எந்தக் கேள்விக்கு எந்தப் புள்ளியியல் சோதனை என்பதை இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தால் போதும். அந்தப் படிப்பு கோர்ஸ் வொர்க்கிலும் கைகொடுக்கும்.

என்.ஓ.சி. கட்டாயமா? அதுல என்ன எழுதியிருக்கணும்?

என்.ஓ.சி. என்பது நிறுவனம் தரும் தடையில்லாச் சான்று. வேலையில் இருப்பவருக்குக் கட்டாயம். "இவர் படிப்பதில் ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரியில் வாங்கி வந்து திருப்பி அனுப்பப்படுபவர்கள் பலர். விதி மூன்று விஷயங்களைக் கேட்கிறது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு என்பது ஒன்று. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய பணி இடம் தருகிறது என்பது இரண்டு. தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பது மூன்று. பல்கலைக்கழகப் படிவம் இருந்தால் அதிலேயே, அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்குங்கள்.

மேலாளர் மலைப்பது மூன்றாவது வரியில்தான். கோர்ஸ் வொர்க் எத்தனை நாள், எந்த மாதங்கள் என்று துறையில் கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி, உங்கள் கணக்கில் இருக்கும் விடுப்போடு சேர்த்துக் காட்டுங்கள். "தேவைப்பட்டால் விடுவிப்போம்" என்பது வெறும் வாசகமாக நின்றால் பயமாக இருக்கும், 20 நாள் என்று எண்ணாக வந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். அரசுப் பணியாளர்கள் துறைத் தலைமையின் முன் அனுமதி இல்லாமல் பதிவு செய்யவே கூடாது. பின்னால் பணிப் பதிவேட்டில் பட்டத்தைச் சேர்க்கும்போது முதலில் தேடப்படும் தாள் அதுதான். சொந்தத் தொழில் செய்பவர்கள் என்.ஓ.சி.க்குப் பதில் எந்த ஆவணம் ஏற்கப்படும் என்று ஆராய்ச்சிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எத்தனை வருஷத்துல முடிக்கணும்?

கோர்ஸ் வொர்க் உட்படக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும், மொத்தம் 8. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டு, மொத்தம் 10. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக முழுக் காலத்தில் 240 நாள் வரை எடுக்கலாம்.

கடிகாரம் சேர்க்கை நாளிலிருந்து ஓடுகிறது, தலைப்பு முடிவான நாளிலிருந்து அல்ல. தலைப்பைத் தேடியே ஒன்றரை ஆண்டைக் கரைத்துவிட்டு ஆறாம் ஆண்டில் தவிப்பவர்கள் அதிகம்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? உண்மையைச் சொல்லுங்க.

பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வார நாட்களில் நான்கு நாள், காலை 5 முதல் 6.30 வரை, ஆறு மணி நேரம். ஞாயிறு ஓர் ஆறு மணி நேரம். பண்டிகை, உடம்பு முடியாமல் போவது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் என்று ஆறு வாரத்தைக் கழித்துவிட்டால் 46 வாரம். ஆண்டுக்கு 552 மணி நேரம்.

முழுநேர ஆய்வாளர் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் அதே 46 வாரத்தில் 1,840 மணி நேரம் வருகிறது. அதாவது உங்கள் நான்கு ஆண்டு அவருடைய ஒன்றேகால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஆறு ஆண்டு முழுதும் அவருடைய 1.8 ஆண்டு. உழைப்பைப் பற்றிய கவலையை விட இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தலைப்பு இந்த மணி நேரத்துக்குள் அடங்கவில்லை என்றால் எவ்வளவு விடாமுயற்சி இருந்தாலும் முடியாது. முழுநேர மாணவரின் ஆய்வேட்டைப் பார்த்து அதே அளவில் திட்டம் போடுவது பகுதிநேரக்காரர்கள் செய்யும் முதல் பிழை.

நேரத்தை வகை பிரித்து வையுங்கள். எழுதுவதும் பகுப்பாய்வும் ஞாயிற்றுக்கிழமையின் நீண்ட நேரத்துக்கு. வாசிப்பும் குறிப்பும் காலை ஒன்றரை மணிக்கு. ஒரு கட்டுரை படித்தவுடன் ஐந்து கட்டம் நிரப்புங்கள்: ஆய்வுக் கேள்வி, எங்கே எடுத்த தரவு, முறை, முடிவு, என் ஆய்வில் இதற்கு எந்த இடம். கடைசிக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டுரையை விட்டுவிடலாம். வாரம் இரண்டு என்றாலும் ஆண்டுக்கு 92 கட்டுரை சேரும், இலக்கிய மீளாய்வு (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்) அத்தியாயத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மேற்கோள்களை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேமியுங்கள். 300 மேற்கோளைக் கடைசி மாதத்தில் கையால் ஒழுங்குபடுத்துவது கண்ணீர் வரவழைக்கும் வேலை.

நல்ல கைடு எப்படிக் கிடைப்பாங்க? எனக்கு யாரையும் தெரியாதே.

அந்தத் துறையில் வந்த ஆய்வேடுகளிலிருந்து தொடங்குங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்புக்கு அருகில் உள்ள பத்தை எடுத்து, யார் நெறியாளர், மாணவர் எந்த ஆண்டு பதிந்து எந்த ஆண்டு முடித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் முடித்தவர்கள் எல்லாம் ஏழெட்டு ஆண்டு எடுத்திருந்தால் காரணத்தை விசாரியுங்கள்.

பிறகு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்கக் கூடாது. நெறியாளர் அந்த நிறுவனத்தின் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும். வெளியில் உள்ள நிபுணர் இணை நெறியாளராகத்தான் வரலாம். கல்லூரியில் இருப்பவர் என்றால் அந்தத் துறை பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு மையமா என்பதையும் கேளுங்கள்.

முதல் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கி, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த இடம் உங்கள் பணி அனுபவத்தோடு பொருந்தியது அல்லது முரண்பட்டது என்று மூன்று வரி. நீங்கள் ஆராய நினைக்கும் கேள்வி இரண்டு வரி. பகுதிநேரம் என்பதையும் வாரம் எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் மறைக்காமல் ஒரு வரி. நேரில் வந்து பார்க்க அனுமதி கேட்டு முடியுங்கள். "ஐயா, எனக்குப் பிஎச்.டி. செய்ய ஆர்வம், ஒரு தலைப்புத் தாருங்கள்" என்று எழுதினால் பதில் வருவது அரிது, வந்தாலும் அந்தத் தலைப்பு உங்கள் மணி நேரக் கணக்குக்குப் பொருந்தாது.

நேரில் பார்க்கும்போது ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: "ஓர் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள்?" கைடின் புகழை விட உங்களுக்கு முக்கியம் அந்தப் பதில். அவரிடம் இப்போது பகுதிநேரமாகப் படிக்கும் ஒருவரோடும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

நான் வேலை பார்க்கிற இடத்தையே ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். முழுநேர மாணவருக்கு இல்லாத உங்கள் ஒரே சாதகம் அதுதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் தலைப்பை ஒடுக்க வேண்டும். கூட்டுறவுத் துறையில் இருப்பவர் "கூட்டுறவுக் கடனும் கிராமப் பொருளாதாரமும்" என்று தொடங்கினால் அது பத்துப் பேருக்கான வேலை. "ஒரு மாவட்டத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நகைக்கடன் மீட்கப்படாமல் போவது எந்த மாதங்களில், ஏன் கூடுகிறது" என்றால் எந்தப் பதிவேடு, எத்தனை சங்கம், எத்தனை ஆண்டுத் தரவு, யாரைப் பேட்டி எடுப்பது என்று ஒரே தாளில் எழுதிவிடலாம். எழுத முடிகிறதா என்பதே சோதனை.

தரவை எடுக்கும் அனுமதி தனி. என்.ஓ.சி. படிக்க விடுகிறது, பதிவேட்டைத் திறக்க விடுவதில்லை. எந்தத் தரவு, எந்தக் காலம், பெயர்களை நீக்கிப் பயன்படுத்துவது, வெளியிடலாம் என்பது எல்லாம் அடங்கிய தனிக் கடிதம் வேண்டும், அதுவும் கோர்ஸ் வொர்க் முடிவதற்குள். மேலதிகாரி மாறியதும் "வாய்மொழி அனுமதி" காற்றில் போன கதை எல்லாத் துறையிலும் உண்டு. நோயாளிகள், மாணவர்கள், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் என்றால் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலைத் தரவு எடுப்பதற்கு முன்பே வாங்குங்கள். பின்தேதியிட்டு அது கிடைக்காது. கீழே உள்ளவர்களை நீங்களே பேட்டி எடுத்தால் அவர்கள் உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். வேறு கிளையை எடுங்கள், அல்லது பேட்டியை வேறொருவர் எடுக்கட்டும்.

கோர்ஸ் வொர்க்னா என்ன, எப்போ முடிக்கணும்?

குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி முறையியலும், ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறநெறியும் அதில் இருக்கும். 55 சதவீதம் எடுத்தால்தான் தொடரலாம். முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். என்.ஓ.சி.யின் மூன்றாவது வரியைப் பயன்படுத்தும் காலம் இதுதான்.

டி.சி. மீட்டிங்கில என்னதான் நடக்கும்?

தமிழ்நாட்டில் டி.சி. என்று வழங்குவது விதியில் உள்ள ஆய்வு ஆலோசனைக் குழுதான். என்ன செய்தீர்கள், அடுத்த ஆறு மாதம் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். போன கூட்டத்தில் அவர்கள் சொன்னதையும் அதற்கு நீங்கள் செய்ததையும் இரண்டு பத்தியாக எழுதிய ஒரு தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள், கூட்டம் சீக்கிரம் முடியும். வேலைப் பளுவால் ஒன்றும் நடக்கவில்லையென்றாலும் போய்ச் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து முன்னேற்றம் இல்லையென்று குழு எழுதினால் பதிவையே ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்.

சம்பளத்தோட ஸ்டைபண்டும் கிடைக்குமா?

கிடைக்காது. ஜேஆர்எஃப் உதவித்தொகை (மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000) முழுநேர ஆய்வாளருக்கானது. செலவு உங்கள் பையிலிருந்துதான், ஆண்டுக் கட்டணம் ஆய்வேடு கொடுக்கும் வரை ஓடும்.

பேப்பர் போட்டாத்தான் தீசிஸ் கொடுக்க முடியுமாமே? பணம் கட்டினா ஒரு வாரத்துல போட்டுத் தர்றாங்களே?

2016 ஒழுங்குமுறையில் இருந்த கட்டாய வெளியீடு 2022இல் நீக்கப்பட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்திருக்கின்றன. எத்தனை கட்டுரை, எந்தத் தரவுத்தளத்தில் உள்ள இதழ் என்று சேர்ந்த அன்றே கையேட்டில் பாருங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் விலக்கப்பட்டுவிட்டது, பழைய பட்டியலைக் காட்டி யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

ஒரு வாரத்தில் வெளியிடும் இதழில் சக ஆய்வாளர் மதிப்பீடு நடந்திருக்கவே முடியாது. பணம் போவது சிறிய நட்டம். அந்தக் கட்டுரையில் பயன்படுத்திய தரவை நல்ல இதழ் மறுபடி ஏற்காது என்பதுதான் பெரிய நட்டம். நேர்மையான இதழில் ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். ஆகவே மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே முதல் கட்டுரையை அனுப்பிவிட வேண்டும், ஆய்வேடு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிளேஜியரிசம் பத்து சதவீதம்னு சொல்றாங்க. என் சொந்தப் பேப்பரே காட்டுதே?

2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. மேற்கோள் குறியிட்டு மூலம் காட்டிய பகுதி, நூற்பட்டியல் ஆகியவை கணக்கில் வராது.

உங்கள் சொந்தக் கட்டுரை ஆய்வேட்டில் அத்தியாயமாக வருவது இயல்பு. எந்தக் கட்டுரை எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று முன்பக்கத்தில் அறிவித்து, கைடின் சான்றோடு அதை விலக்கிச் சோதிக்கக் கேளுங்கள். பல இடங்களில் இந்த நடைமுறை உண்டு. சதவீதத்தைக் குறைக்க வார்த்தையை மட்டும் மாற்றிப் போடும் மென்பொருளிடம் போகாதீர்கள். "மாதிரி அளவு" என்பது "எடுத்துக்காட்டுப் பரிமாணம்" ஆகிவிடும், தேர்வாளர் அந்த வரியிலேயே பிடித்துவிடுவார்.

தீசிஸை எழுதித் தர்ற ஆளுங்க இருக்காங்களே, வேலைக்காரங்களுக்கு நேரம் ஏது?

அது மோசடி, பிடிபட்டால் பட்டம் கொடுத்த பிறகும் பறிபோகும். ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறியதும் யாரும், எந்த ஆண்டும் அதைச் சோதிக்கலாம். நேரம் இல்லையென்றால் தலைப்பை இன்னும் ஒடுக்குங்கள். புள்ளியியல் ஆலோசனை, மொழித் திருத்தம் போன்ற உதவிகளைக் கைடுக்குத் தெரிந்து பெற்று, நன்றியுரையில் சொல்லலாம்.

வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஆன்லைன்ல பிஎச்.டி., டி.பி.ஏ. (வணிக நிர்வாகத்துல டாக்டர் பட்டம்) எல்லாம் தருதே?

எட்டெக் (இணையவழிக் கல்வி) நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. வெளிநாட்டில் நல்ல பகுதிநேர முனைவர் படிப்புகளும் உண்டு. பிரிட்டனில் பகுதிநேர ஆய்வு நெடுநாளாகவே சாதாரணம். சிக்கல், அந்தப் பட்டத்தை இங்கே எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் உங்கள் திறமையைக் காட்டவா, கல்லூரி வேலைக்கா, அரசுப் பதவி உயர்வுக்கா? பின்னிரண்டுக்கும், இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள். அது கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

உள்நாட்டுப் பல்கலைக்கழகம் என்பதாலேயே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். விதிகளைப் பின்பற்றாததால் ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் 2025-26 முதல் ஐந்து ஆண்டுக்குப் பிஎச்.டி. சேர்க்கை நடத்த யுஜிசி தடை விதித்தது.

காலேஜ் வேலைக்குப் பிஎச்.டி. கட்டாயமா?

உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட், அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியராக உயர வேண்டுமென்றால் வேண்டும். வேலைக்காக மட்டும் யோசிப்பவர்கள் முதலில் நெட் எழுதுவது நல்லது. மத்திய அரசு ஊழியருக்குப் பணிக்குத் தொடர்புள்ள துறையில் பிஎச்.டி. முடித்தால் 2019 ஆணைப்படி ஒருமுறை ஊக்கத்தொகையாக 30,000 ரூபாய் உண்டு. போட்ட செலவுக்கு அது ஈடாகாது. உங்கள் துறையில் பத்தாண்டாக உறுத்தும் ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் சேர வேண்டும்.

கைடு ரிட்டயர் ஆயிட்டா, இல்ல எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்துட்டா?

ஓய்வு பெற்ற கைடு இணை நெறியாளராக 70 வயது வரை தொடரலாம், புதிய நெறியாளரைத் துறை ஒதுக்கும். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தரவை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல விதி இருக்கிறது. வேலையே மாறினால் புதிய நிறுவனத்தின் என்.ஓ.சி.யை உடனே கொடுங்கள். பழைய நிறுவனத்தின் தரவைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதற்குத்தான் மேலே சொன்ன தனிக் கடிதம். அதில் "பணியிலிருந்து விலகிய பின்னும்" என்ற சொற்கள் இருந்தால் நிம்மதி.

தீசிஸ் கொடுத்தப்புறம் எவ்வளவு நாள் ஆகும்?

சமர்ப்பித்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது விதி. நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள். இருவரும் ஏற்றால் வைவா, அதை ஆன்லைனிலும் நடத்தலாம். ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்குப் போகும், அவரும் நிராகரித்தால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். இந்த யுஜிசி விதிகளின்படியே பட்டம் வழங்கப்படுகிறது என்று சொல்லும் தற்காலிகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகும் இடத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா கைடு பக்கமே போகல. இப்போ என்ன பண்றது?

இந்த வாரமே போங்கள். போவதற்கு முன் மூன்று தாள்களை எடுத்து வையுங்கள்: பதிவு ஆணை, கடைசிக் குழுக் கூட்டக் குறிப்பு, கட்டணம் எதுவரை கட்டியிருக்கிறது என்ற ரசீது. பதிவு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டுவிட்டுக் கைடைப் பாருங்கள். விளக்கமும் மன்னிப்பும் இரண்டு வரி போதும், கையில் பத்துப் பக்கம் எழுதியது ஏதாவது இருக்கட்டும். வெறுங்கையோடு போகும் தயக்கத்திலேயே இன்னொரு ஆண்டு போய்விடும்.

ஆறாம் ஆண்டு முடிவதற்குள் மறுபதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், முடிந்த பிறகு அல்ல. இருக்கும் தரவில் எத்தனை கேள்விக்கு விடை சொல்ல முடியும் என்று கைடோடு உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நோக்கங்களோடு பதிந்த ஆய்வைக் குழுவின் ஒப்புதலோடு மூன்றாகக் குறைப்பது நடக்கக்கூடியதுதான். மறுபதிவும் சேர்த்து மூன்று ஆண்டு இருந்தால், மேலே போட்ட கணக்குப்படி 1,656 மணி நேரம் கையில் இருக்கிறது. தரவு ஏற்கனவே எடுத்தாயிற்று என்றால் அது போதும். எடுக்கவே இல்லையென்றால் புதிதாக 400 பேரிடம் கணக்கெடுப்புப் போகாமல், ஏற்கனவே பதிவேட்டில் இருப்பதை வைத்து முடிக்கும் வழியைக் கைடிடம் கேளுங்கள்.